சாட்சியமும் தீர்ப்பும்: ருப்பெல்ற்றின் அறிக்கை நூல் பற்றிய ஒரு நோக்கு

வானிற் காணப்படும் அறியாப் பொருட்கள் பற்றிய நூல்களுட் பல, நம்புவோர் நம்புவோர்க்காகவோ மறுப்போர் மறுப்போர்க்காகவோ எழுதியவை. 1956இல் வெளிவந்த எட்வேட் ருப்பெல்ற்றின் ‘இனங்காணப்படாத பறக்கும் பொருட்கள் பற்றிய அறிக்கை’ இவ்விரு வகையிலும் அடங்காதது. அமெரிக்க விமானப்படையின் ‘புளூ புக்’ விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் என்பதால், கோப்புகளை நேரிற் கண்டவரின் வாக்குமூலமாக அவரது நூல் மதிக்கப்பட்டு வந்துள்ளது. அம்மதிப்பு நூல் முழுவதற்கும் பொருந்துமா என்பதே ஆராயத்தக்கது.

நூலின் வலிமை வாஷிங்டன் நிகழ்ச்சியை விவரிக்குமிடத்திற் புலப்படுகின்றது. 1952 யூலை 19ஆந் திகதி நள்ளிரவுக்குச் சற்று முன்னர், அந்நகர விமான நிலையத்தின் ரேடார்த் திரையில் ஏழு புள்ளிகள் தோன்றின. அவற்றை இடைமறிக்க டெலவெயாரிலிருந்து எப்-94 ஜெற் விமானங்கள் வந்ததும் புள்ளிகள் மறைந்தன. விமானங்கள் மீண்டதும் திரும்பத் தோன்றின. 26ஆந் திகதி இரவிலும் இத்தகைய துரத்தல் நிகழ்ந்தது. மூன்று நாட்களின் பின் ஜெனரல் சாம்போர்ட், இது வெப்பநிலை நேர்மாறலின் விளைவாகலாம் என்றார். தரையை ஒட்டிய குளிர்ந்த வளியின் மேல் வெப்பவளி படியும்போது ரேடார் அலைகள் வளைந்து, தரைப்பொருட்களின் எதிரொலியை வான்பொருள் போலக் காட்டும் என்பது அதன் கருத்து. அக்கோடையில் ஏறக்குறைய ஒவ்வோர் இரவிலும் நேர்மாறல் நிலவியிருக்க, புள்ளிகள் சில இரவுகளில் மட்டும் தோன்றியதேன் என ருப்பெல்ற் வினவுகிறார். இவ்வாதம் இறுதியானதன்று, எல்லா நேர்மாறல்களும் ஒரே தன்மையன அல்ல. 1953இல் சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகம் நடத்திய ஆய்வும் இத்தகைய புள்ளிகளை நேர்மாறலோடே தொடர்புபடுத்தியது. ஆயினும் நிகழ்ச்சி, விளக்கம், ஆட்சேபம் ஆகிய மூன்றும் இங்கு வாசகன் முன் வைக்கப்படுகின்றன. தம்மோடு முரண்படுதற்கான கருவியையும் ஆசிரியரே தருகிறார்.

முதல் அத்தியாயம் இதற்கு நேர்மாறானது. எப்-86 விமானி ஒருவர் அறியாப் பொருளொன்றைத் துரத்திச் சுட்டார் என்பதே நூலின் தொடக்கம். அதுபற்றிய அறிக்கையோ எரிக்கப்பட்டுவிட்டது. எஞ்சுவது ஆசிரியரின் சொல் மட்டுமே. எரிந்த தாள் கூற்றை மட்டுமன்றி, அக்கூற்றுக்கான மறுப்பையும் அழித்துவிடுகின்றது. பரபரப்பின் பொருட்டு இதனை முன்னிறுத்தியது நூலின் பெருங்குறை.

1960இன் விரிவான பதிப்பு மற்றொரு சிக்கலைத் தருகின்றது. முதற்பதிப்பின் பதினேழு அத்தியாயங்களும் நிற்க, புதிதாகச் சேர்ந்த மூன்றும் இவையெல்லாம் கட்டுக்கதையே என முடிக்கின்றன. மனமாற்றம் குற்றமன்று. ஆயின் திறந்த வினாவும் மூடிய விடையும் ஒரே அட்டைக்குள் நிற்கையில், தீர்ப்பை விடுத்துச் சாட்சியத்தையே வாசகன் எடைபோட வேண்டியவனாகிறான்.

1969இல் ‘புளூ புக்’ மூடப்பட்டபோது, 12,618 அறிக்கைகளுள் 701 விளக்கமின்றி எஞ்சின. விளக்கப்படாதது வேறு, வேற்றுலகத்தது வேறு. ‘பறக்கும் தட்டு’ என்ற வழக்கை விலக்கி ‘இனங்காணப்படாத பொருள்’ என்ற தொடரை நிலைநாட்டியவர் ருப்பெல்ற்றே. அத்தொடரின் அடக்கத்தைப் பேணும் பக்கங்களில் அவரது நூல் இன்றும் வாழ்கின்றது. அதனை மீறும் பக்கங்களிலே தளர்கின்றது.