மண்குதிரையின் விலை

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கானோர் மதுரைக்கு வருகிறார்கள். அவர் புறப்பட்டு வரும் அழகர்கோவில் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த மலையடிவாரத்தை விட்டு மேலூர்ப் பக்கமோ நத்தம் பக்கமோ போனால் கண்மாய்க் கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் வேறு குதிரைகள் நிற்கின்றன. மண்ணைப் பிசைந்து, சுட்டு, ஐயனாருக்கு நேர்ந்துவிட்டவை. பழையவற்றுக்குக் காது போயிருக்கும், கால் சிதைந்திருக்கும். பக்கத்திலேயே வண்ணம் மங்காத புதிய குதிரை நிற்கும். அழகரின் குதிரை ஒன்றே ஒன்றுதான். ஐயனாருக்கு ஒவ்வொரு புரவி எடுப்புத் திருவிழாவுக்கும் புதுக்குதிரை வேண்டும்.

இந்தக் குதிரைகளைச் செய்கிறவர்கள் வேளார்கள் என்னும் குயவர்கள். அவர்கள் கலையைப் பற்றி எழுதப்படுகிறவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை: அழிந்துகொண்டிருக்கிறதே என்ற புலம்பல், ஆயிரமாயிரம் ஆண்டுப் பெருமை என்ற புகழ்ச்சி. இரண்டுமே இதை ஒரு வடிவமைப்பு முறையாக எடுத்துக்கொண்டு, எது நன்றாக இருக்கிறது, எது கெட்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்க வேண்டிய காலம் இது. பாராட்டி மாலை போட்டால் மட்டும் ஒரு தொழில் பிழைத்துவிடாது.

புரவி எடுப்பு நடத்துவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்ததும் முதல் வேலை பிடிமண் கொடுப்பது. ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து முறைப்படி வேளாரிடம் கொடுப்பார்கள். அந்தப் பிடி அவர் பிசையும் மண்ணோடு சேரும். ஊர் சார்பாக இத்தனை குதிரை, நேர்த்திக்கடன் வைத்த குடும்பங்கள் சார்பாக இத்தனை என்று கணக்குப் பேசப்படும். திருவிழா நாளில் ஊரே வேளார் இருக்கும் இடத்துக்கு வந்து, குதிரைகளுக்குக் கண் திறந்தபின் தோளில் சுமந்துபோய்க் கோவிலில் நிறுத்தும். அதன்பின் பராமரிப்பு என்று எதுவும் கிடையாது. வெயிலும் மழையும் எடுத்துக்கொள்ளும்.

கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் ஸ்டீபன் இங்லிஸ் மதுரை வட்டார வேளார்களிடையே ஆய்வு செய்து எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980இல் வெளியிட்டது. மண்ணை உருவமாக்குகிறவரே பல கோவில்களில் அந்த உருவத்துக்குப் பூசாரியாகவும் நிற்கிறார் என்பதை அவர் முக்கியமாகக் கவனித்தார். வடிவமைப்பை மதிப்பிடும்போது இதை ஒதுக்கிவிட முடியாது. தான் செய்த பொருள் எங்கே நிற்கும், எந்தத் திசையிலிருந்து பார்க்கப்படும், யார் தொட்டு வணங்குவார்கள் என்பதெல்லாம் செய்வதற்கு முன்பே தெரிந்திருக்கும் கைவினைஞர் உலகில் எத்தனை பேர்?

குதிரையின் உடலைப் பாருங்கள். நான்கு கால்களும் உள்ளே பொள்ளலான தடித்த குழாய்கள். அவை கொஞ்சம் இறுகியபின் வயிறு எழும்பும். வயிறு தாங்கும் என்று தெரிந்தபின் கழுத்து, கடைசியில் தலை. ஈரமண் தன் எடையைத் தானே தாங்க வேண்டும் என்பதால் அவசரப்பட முடியாது. களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் சேர்ப்பது, காயும்போது சுருங்கி வெடிக்காமல் இருக்க. உமி சூளையில் எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுச் செல்லும், அவற்றின் வழியே நீராவி வெளியேறும். கழுத்து மாலை, சலங்கை வரிசை, சேணத்தின் பட்டை ஆகியவை அலங்காரம் மட்டும் அல்ல. உறுப்புகள் கூடும் இடங்களில் ஒரு பட்டை மண் கூடுதலாக ஓடினால் அந்த மூட்டு வலுப்படும். அழகும் தாங்குதிறனும் ஒரே பட்டையில் வந்துவிடுகின்றன. இவ்வகைச் சிக்கனமே நல்ல வடிவமைப்பின் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். ஆளுயரத்தைத் தாண்டிப் பத்து அடிக்கும் மேல் போன குதிரைகளும் தமிழ்நாட்டில் உண்டு. வரைபடமோ அச்சோ இல்லாமல், கை அளவும் கண் அளவும் கொண்டு எழுப்பியவை.

இதே அறிவு சமையல் பானையிலும் இருக்கிறது. நம் பானையின் அடி உருண்டையாக இருப்பது பழக்கத்தால் வந்தது அன்று. சக்கரத்தில் வனைந்த கலத்தை அறுத்தெடுத்து, உள்ளே கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுகிறார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலியும், மண் இறுகும். மூலை இல்லாத அடியில் சூடு ஒரே சீராகப் பரவும், விரிசல் விழ ஓர் இடம் கிடைக்காது. மூன்று கல் அடுப்பில் அது கச்சிதமாக உட்காரும். தண்ணீர்ப் பானையில் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது கிராமுக்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மதுரையின் வறண்ட கோடைக்கு இதைவிடப் பொருத்தமான குளிர்கலன் இன்னும் வரவில்லை.

இவ்வளவும் நிறை. இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பெயர் இன்மை.

அழகர்மலையில் கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பொன், உப்பு, கொழு, துணி விற்ற வணிகர்கள் கொடையாளர்களாக அங்கே பெயர் பெற்றிருக்கிறார்கள். குயவரை அந்தக் கல்லில் காணோம். வைகைக்குத் தெற்கே கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அவை பானையை வைத்திருந்தவர்களின் பெயர்கள் என்று கொள்வதே பொருத்தம். கறுப்பு, சிவப்பு இரண்டையும் ஒரே கலத்தில் கொண்டுவர, சூளைக்குள் காற்று புகும் வழியைக் கட்டுப்படுத்தத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் அவருடைய வேலையைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். அவர் யார் என்று மட்டும் தெரியாது.

பெயரில்லாத கைவினைஞரைப் போற்றுவது ஓர் உயர்ந்த கொள்கையாகவே பேசப்பட்டிருக்கிறது. ஜப்பானில் யானகி சோயெட்சு 1920களில் தொடங்கிய நாட்டார் கைவினை இயக்கம் அதையே அழகியலாக முன்வைத்தது. ஆனால் அந்த இயக்கத்தின் ஹமாதா ஷோஜி 1955இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று பெயர் சொல்லியே கௌரவிக்கப்பட்டார். அங்கே கொள்கையில் பெயர் மறைந்தது, வாழ்க்கையில் விலையோடு வந்தது. இங்கே வாழ்க்கையிலேயே மறைந்துவிட்டது. பெயர் இல்லாதவரால் பேரம் பேச முடியாது.

பிடிமண் முறையின் பலவீனமும் இங்கேதான். இன்ன ஊருக்கு இன்ன குடும்பம் செய்வது என்பது பரம்பரை உரிமை. அறுவடையில் தானியம் கிடைத்த காலத்தில் அது பாதுகாப்பாக இருந்தது. வேலை தேடி அலைய வேண்டியதில்லை, போட்டி இல்லை. தானியம் நின்று ரூபாய் வந்தபின் அதே உரிமை கட்டாக மாறிவிட்டது. சாமி காரியத்துக்கு விலை பேசுவதா என்று வேளார் தயங்குகிறார், ஊர் அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. மண் எடுத்து, மிதித்து, வனைந்து, காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டும் அத்தனை வாரங்களின் கூலி ‘காணிக்கை’ என்ற கணக்கில் கரைகிறது. ஊரில் மரியாதை யாருக்கு முதலில் என்ற தகராறு வந்தால் புரவி எடுப்பே ஆண்டுக்கணக்கில் நின்றுபோகும். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை குதிரை செய்யக் கற்காமலேயே வளர்ந்துவிடும்.

கட்டு இன்னொரு பக்கமும் இறுகியிருக்கிறது. சாதிக்கு வெளியே யாரும் இதைக் கற்பதில்லை. சாதிக்குள்ளேயும் சக்கரம் ஆண்களிடம்தான் இருக்கிறது. மண் சலிப்பது, பிசைவது, தட்டுவது பெண்கள் வேலை. அவை துணைவேலைகளாகவே எண்ணப்படுகின்றன. இந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு மானாமதுரை சாட்சி. அங்கே செய்யப்படும் கடத்தின் நாதத்தைத் தீர்மானிப்பது சக்கரம் அன்று, வனைந்தபின் ஆயிரக்கணக்கில் விழும் பலகையடி. அந்த அடியில் தேர்ந்த மீனாட்சி கேசவனுக்கு 2013ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது வழங்கப்பட்டது. தட்டுவதும் வடிவமைப்பே என்று நாடு ஒப்புக்கொண்ட அபூர்வமான தருணம் அது. அழகர்கோவில் வட்டாரத்தில் குதிரைக்கு மண் பதம் பார்க்கும் பெண்களுக்கு அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை.

தொழில்நுட்பத்திலும் குறை உண்டு. அதைச் சொன்னால் மரபைக் குறைத்துப் பேசுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கி மேலே மண் மெழுகிச் சுடும் சூளையில் சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக ஏறுவதில்லை. மண்ணில் கலந்த மணல் 573 டிகிரி செல்சியஸ் அளவில் சட்டென்று விரியும். அந்தக் கட்டத்தை வேகமாகத் தாண்டினால் வெடிப்பு நிச்சயம். எவ்வளவு மணல், எவ்வளவு நேரம் மெல்லிய தீ என்பதெல்லாம் பெரியவர் கையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. ஒரு சூளை கெட்டுப்போனால் காரணம் தேடுவதற்குக் குறிப்பு எதுவும் இருக்காது. கேஸ் அடுப்புக்காகத் தட்டையடிச் சட்டி செய்யத் தொடங்கியபோது அடியும் சுவரும் சேரும் மூலையில் விரிசல் விழத் தொடங்கியதும் இதனால்தான். மூலையை எவ்வளவு வளைக்கலாம், எவ்வளவு தடிமன் விடலாம் என்று செய்து பார்த்துக் குறித்துவைத்தால் தீரக்கூடிய சிக்கல் அது. அதற்குப் பதிலாக, கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கிக்கொள்ளுங்கள் என்று வாங்குகிறவர் தலையில் பொறுப்பு ஏற்றப்படுகிறது. பழக்குவது தேவைதான். சட்டியின் குறையை மறைக்க அதைச் சொல்லக் கூடாது.

குறித்துவைக்கும் பழக்கத்தை நவீன மட்கலைக் கூடங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி நாட்டின் பல மட்கலைஞர்களை உருவாக்கியது. அத்தகைய கூடங்களில் 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட, பளபளப்புப் பூச்சுள்ள கலங்களின் அடியில் செய்தவர் முத்திரை இருக்கும், விலையில் அவர் உழைத்த நேரம் இருக்கும். இந்த இரண்டும் வேளாருக்கு உடனடியாக வேண்டும். ஆனால் அந்தக் கூடங்களின் பூச்சும் வடிவமும் வேண்டியதில்லை. மட்கலைக் கூடத்தில் கலைஞர் தனியாக வடிவத்தை நினைக்கிறார், வாங்குகிறவர் தனியாக வந்து எடுத்துப் போகிறார். ஓர் ஊரே கேட்டு, ஊர் மண்ணைக் கொடுத்து, ஊரே சுமந்து போகும் ஒரு பொருளைச் செய்யும் வாய்ப்பு அந்தக் கலைஞருக்குக் கிடைப்பதில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி இன்னொரு வழியைக் காட்டியிருக்கிறது. கொலு பொம்மை, விநாயகர், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று பருவத்துக்கேற்ப அச்சில் வார்த்து விற்கிறார்கள். வருமானம் ஓரளவு சீராகிறது. எல்லா மதத்தாரும் வாங்குகிறார்கள் என்பது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அச்சு ஒரு முடிவைக் கல்லாக்கிவிடுகிறது. குதிரைக்குக் குதிரை மாறும் அந்தக் கழுத்துச் சாய்வு அச்சில் வராது. அச்சு தவறு என்று சொல்லவில்லை. குதிரையின் இடத்தை அது நிரப்பாது என்கிறேன்.

குதிரையின் இடத்தை உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது சிமெண்ட். ஒருமுறை செலவழித்தால் போதும் என்று ஊர்கள் கம்பி கட்டிச் சிமெண்டுக் குதிரை எழுப்பி எனாமல் அடிக்கின்றன. சிக்கனம் போலத் தெரியும் இந்த முடிவை நான் முழுமையாக எதிர்க்கிறேன். மண்குதிரை உடைந்து மறைவதால்தான் அடுத்த குதிரைக்கு வேலை பிறக்கிறது, மகனோ மகளோ கற்கிறார்கள், ஊர் கூடுகிறது. சிமெண்டுக் குதிரை நிற்கும், அதைச் சுற்றி எதுவும் நடக்காது.

காலமும் மண்ணும் இன்றைய வேளாருக்கு எதிராகவே இருக்கின்றன. கார்த்திகை விளக்கும் பொங்கல் பானையும்தான் பெரிய விற்பனை. இரண்டுக்கும் செய்ய வேண்டிய மாதங்கள் வடகிழக்குப் பருவமழை மாதங்கள். மண் காயாது, சூளை பற்றாது. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அந்த இழப்பின் ஓர் ஓரத்தைத்தான் தொடும். மழையில் காயவைக்க ஊர்ப் பொதுவில் ஒரு கூரையும், புகை குறைந்த மூடிய சூளையும் கட்டிக்கொடுத்தால் அந்த உதவி ஆண்டுதோறும் நிற்கும். பொங்கல் பரிசுத் தொகுப்பில் மண்பானையும் சேருங்கள் என்று மண்பாண்டத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுவருவதும் நியாயமே. கண்மாய் மண்ணுக்கு 1959ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகளே மட்பாண்டத் தொழிலுக்குச் சலுகை தருகின்றன. 2024 முதல் அனுமதியை வட்டாட்சியரே வழங்கலாம் என்று எளிமைப்படுத்தியிருக்கிறார்கள். இருந்தும் விண்ணப்பத்தோடு அலைகிறவர் வேளார் ஒருவர்தான். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஊருக்கு, சரி. அந்தக் குறியீட்டால் ஒரு பானைக்குக் கூலி எவ்வளவு கூடியது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

என் தீர்ப்பு இது: இந்தக் கலையில் வடிவம் நலமாக இருக்கிறது. அதைத் தாங்கும் ஒப்பந்தம் பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்யக்கூடியவர்கள் டெல்லியிலோ சென்னையிலோ இல்லை, பிடிமண் கொடுக்கும் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அழகர்கோவில், மேலூர் வட்டாரத்துப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த புரவி எடுப்புக்குக் கூடும்போது சிமெண்டுப் பேச்சை எடுக்காதீர்கள். கண்மாய் மண்ணுக்கான விண்ணப்பத்தை வேளாருக்குத் துணைநின்று ஊரே போடட்டும். வேலை செய்யும் ஆண், பெண் எல்லாருக்கும் நாள்கூலி கணக்கிட்டு, கோவில் வரவு செலவுப் புத்தகத்தில் காணிக்கைக்குத் தனியாக எழுதி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். திருவிழா நோட்டீசில் உபயதாரர் பெயர்களோடு குதிரை செய்த குடும்பத்தின் பெயர்களையும் அச்சிடுங்கள்.