கடைசி அணிக்கும் 11 ஆட்டம்

24 அணிகள், 12 வகுப்பறைகள், 11 சுற்றுகள். க்விஸ் பவுல் போட்டிக்கு இதைவிட அழகான கணக்கு கிடையாது என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சனிக்கிழமைகளில் ஆடும் இந்த ஆட்டத்தில் கேள்வி எழுதுபவரைக் கொண்டாட ஆளிருக்கிறது. பஸரில் மின்னலாகக் கை வைக்கும் பையனையும் பெண்ணையும் கொண்டாட ஊரே இருக்கிறது. யார், எந்தச் சுற்றில், எந்த அறையில், யாரோடு மோத வேண்டும் என்று கட்டம் போட்டுத் தருகிறாரே, அவரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. என் மனசு முழுக்க அந்தக் கட்டத்தின் மேல்தான்.

பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விடுவதற்காகத்தான் நியூஜெர்சியில் ஒரு பள்ளிக்குப் போனேன். ஆள் போதவில்லை என்று கன்ட்ரோல் ரூமில் ஸ்கோர் ஷீட் வாங்கி அடுக்கச் சொன்னார்கள். சுவரில் அன்றைய அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். அதைப் படிக்கப் படிக்க, இதை ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது புரிந்தது. அன்றிலிருந்து அந்த அறையே என் இடம் ஆகிவிட்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 4 பேர். மாடரேட்டர் ஒரு நீண்ட கேள்வியை வாசிப்பார். கடினமான குறிப்பில் தொடங்கிப் போகப் போக எளிதாகும் இந்தக் கேள்விக்கு டாஸ்-அப் என்று பெயர். தெரிந்தவுடன் நடுவிலேயே பஸரை அழுத்தலாம். சரியென்றால் 10 புள்ளி, பல போட்டிகளில் மிக முன்னதாகச் சொன்னால் 15. அவசரப்பட்டுத் தப்பாகச் சொன்னால் 5 போய்விடும். சரியாகச் சொன்ன அணிக்கு மூன்று பகுதி கொண்ட போனஸ் கேள்வி, பகுதிக்கு 10. இப்படி 20 டாஸ்-அப் முடிந்தால் ஓர் ஆட்டம், ஏறக்குறைய அரை மணி நேரம். ஓர் ஆட்டத்துக்கான கேள்விக் கட்டுதான் பாக்கெட்.

எல்லாச் சிக்கலும் அந்த பாக்கெட்டில்தான் பிறக்கிறது. கிரிக்கெட்டிலோ கபடியிலோ ஒரே பந்தை, ஒரே மைதானத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இங்கே கேட்ட கேள்வி செத்த கேள்வி. அதனால் ஒரு சுற்றில் 12 அறைகளிலும் ஒரே பாக்கெட்டை ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஓர் அணி ஒரு பாக்கெட்டை ஒரு முறைக்கு மேல் காதால் கேட்கக்கூடாது. ஒரு பாக்கெட்டைப் பிறகு ஆடப்போகும் அணி, அது வாசிக்கப்படும் அறைக்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது. கையில் உள்ள பாக்கெட்டுகளோ எண்ணி வைத்தவை. அவற்றை எழுதி, திருத்தி, சரிபார்க்க மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். அதே கேள்விகள் நாட்டின் வேறு மூலைகளிலும் வேறு வாரங்களில் வாசிக்கப்படும் என்பதால், ஆடி முடித்த பிள்ளைகள் அவற்றைப் பற்றி வெளியில் வாய் திறப்பதில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகள் காக்கும் இந்த ரகசியம் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்.

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் நடுவில் எல்லோரும் எல்லோருடனும் ஒரு முறை மோத வேண்டும். அதுதான் ரவுண்டு-ராபின். 8 அணி என்றால் 28 ஆட்டம். 4 அறை இருந்தால் 7 சுற்றில் முடியும். 28 ஆட்டத்தையும் ஒருவர்கூடச் சும்மா உட்காராமல் 7 சுற்றுக்குள் அடைப்பது எப்படி?

ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் 8, 1, 2, 3 என்று எழுதுங்கள். கீழ் வரிசையில் 7, 6, 5, 4. மேலே இருப்பவரும் நேர் கீழே இருப்பவரும் மோதுகிறார்கள்: 8-7, 1-6, 2-5, 3-4. அடுத்த சுற்றுக்கு 8ஐ அசைக்காமல் மற்ற ஏழு பேரையும் வட்டமாக ஓரிடம் நகர்த்துங்கள். 8-1, 2-7, 3-6, 4-5 வரும். இன்னும் ஓரிடம் நகர்த்தினால் 8-2, 3-1, 4-7, 5-6. கோலாட்டத்தில் ஜோடி மாறுவதுபோல் மாறிக்கொண்டே போய், ஏழு முறையில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடுவார்கள். எந்த ஜோடியும் இரண்டாம் தடவை வராது. முதல் சுற்றில், 8ஐ விட்டுவிட்டால், எந்த ஜோடியைக் கூட்டினாலும் 7. இரண்டாம் சுற்றில் கூட்டினால் 9. மூன்றாம் சுற்றில் 4, 11, 11 வருகிறது. 7ஆல் வகுத்தால் மூன்றுக்கும் மீதி 4. வேறு வேறு சுற்றுக்கு வேறு வேறு மீதி. ஜோடிகள் திரும்ப வராததற்கு இதுவே காரணம். கூட்டலும் வகுத்தலும் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரிய வைத்துவிடலாம்!

சதுரங்கக்காரர்களுக்கு இது பழைய சொத்து. 1886இல் ரிச்சர்ட் ஷூரிக் வெளியிட்ட அட்டவணைகளை ஆஸ்திரிய வீரர் யோஹான் பெர்கர் பரப்ப, பெர்கர் அட்டவணை என்றே பெயர் நிலைத்துவிட்டது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறது.

ஆனால் க்விஸ் பவுலில் அந்தக் கட்டம் செய்யும் ஒரு வேலையைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். காலை எட்டரை மணிக்கு ஓர் அணி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளருக்குக் காய்ச்சல், இல்லை பஸ் வரவில்லை. 6 அணி கொண்ட பிரிவு இப்போது 5 ஆகிவிட்டது. ஒற்றைப்படை அணிகளுக்கும் ரவுண்டு-ராபின் நடத்த அதே 5 சுற்றுதான் தேவை. வராத அணியின் பெயர் இருந்த இடத்தில் 'ஓய்வு' என்று எழுதினால் போதும். ஒவ்வோர் அணியும் ஒரு முறை ஓய்வெடுக்கும். வேறு ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். அப்படி ஓய்வெடுப்பதும் பிடிக்காவிட்டால், போட்டியை நடத்தும் பள்ளியே நாலு பிள்ளைகளைத் திரட்டி அந்த இடத்தில் உட்காரவைத்துவிடும்.

இப்போது அந்த 24க்கு வருகிறேன். காலையில் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 6 அணி. யார் எந்தப் பிரிவு? பலத்தின்படி வரிசைப்படுத்திப் பாம்பு வளைவதுபோல் போட்டுக்கொண்டு வருவார்கள். முதல் பிரிவுக்கு 1, 8, 9, 16, 17, 24. நான்காம் பிரிவுக்கு 4, 5, 12, 13, 20, 21. நான்கு பிரிவிலும் கூட்டிப் பாருங்கள், 75தான் வரும். ஒரே பள்ளியின் ஏ அணியும் பி அணியும் ஒரே பிரிவில் விழுந்தால் பக்கத்து எண்ணோடு மாற்றிவிடுவார்கள்.

மதியத்துக்குள் 5 சுற்று முடிந்துவிடும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மேல் அடுக்கு, மூன்றும் நான்கும் நடு அடுக்கு, கடைசி இரண்டும் கீழ் அடுக்கு. ஆக மூன்று அடுக்கு, அடுக்குக்கு 8 அணி. ஒரே பிரிவிலிருந்து வந்த இருவர் காலையிலேயே மோதிவிட்டார்கள். அந்த முடிவு அப்படியே கணக்கில் சேரும், மறுபடி ஆட வேண்டாம். மீதி ஆறு பேரோடு 6 ஆட்டம். 8 அணிக்கான 7 சுற்று அட்டவணையை எடுத்து, முதல் சுற்றின் நான்கு ஜோடிகளில் காலையில் மோதிய நான்கு ஜோடிகளையும் உட்காரவைத்து, அந்தச் சுற்றை அடித்துவிட்டால் மதிய அட்டவணை தயார். மேல் அடுக்கில் எட்டு பேரும் எட்டு பேரோடும் ஆடி முடித்த முழு ரவுண்டு-ராபின், ஆனால் செலவானது 6 பாக்கெட்தான். இதை முதன்முதலில் யார் கண்டுபிடித்தாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

5ம் 6ம் 11. இறுதிப் போட்டியைச் சேர்க்காவிட்டால், முதல் இடத்தில் வரும் அணிக்கும் 11 ஆட்டம், 24ஆம் இடத்தில் வரும் அணிக்கும் 11 ஆட்டம். காலையில் ஐந்திலும் தோற்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், மதியம் தங்களுக்குச் சமமானவர்களோடு மோதி ஜெயிக்கத் தொடங்குவதைக் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட்டில் பார்ப்பேன். அப்படி ஒரு சின்னப் பெண் பதினோராவது ஷீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். 215க்கு 205. கடைசி போனஸின் கடைசிப் பகுதியில் வென்றிருக்கிறார்கள். மூச்சிரைக்க, "ஆன்ட்டி, அடுத்த ரவுண்டு எந்த ரூம்?" என்றாள். "முடிஞ்சுபோச்சும்மா" என்றேன். "ஐயோ, அதுக்குள்ளயா?" என்று முகம் சுருங்கியது. நாள் முழுக்க ஆடிய பிள்ளை!

அறைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஒரு மாடரேட்டர் வேகமாகப் படிப்பார், ஒருவர் நிதானம். ஓர் அறை முதல் மாடியில் இருக்கும், ஒன்று ஜிம்முக்குப் பின்னால். ஓர் அணி எல்லா ஆட்டத்தையும் ஒரே அறையில் ஆடினால் மற்றவர்களுக்கு நியாயமில்லை. அதனால் எந்த அணியும் எந்த அறையிலும் இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். 4 அணி, 2 அறை, 3 சுற்று என்றால் இது முடியவே முடியாது. அ, ஆ முதல் அறை. இ, ஈ இரண்டாம் அறை. அடுத்து அ-வும் இ-யும் முதல் அறைக்குப் போனால், அ முதல் அறையில் இரண்டு முறை, ஈ இரண்டாம் அறையில் இரண்டு முறை. கடைசிச் சுற்றில் மோத வேண்டியவர்கள் அதே அ-வும் ஈ-யும்தான், எந்த அறையில் போட்டாலும் ஒருவருக்கு மூன்றாகிவிடும். மாற்றிப் போட்டால் ஆ-வுக்கும் இ-க்கும் அதே கதி. ஆனால் 6 அணி 3 அறை, 8 அணி 4 அறை, அதற்கு மேலும் எத்தனை இரட்டைப்படை அணிகள் வந்தாலும் வழி உண்டு என்று கணிதக்காரர்கள் நிரூபித்திருக்கிறார்கள். தலைகீழாக நின்றாலும் முடியாதது 4 மட்டுமே. பிள்ளைகள் படிக்கட்டில் ஏறி இறங்கும் அந்த ஓட்டத்துக்குள் இவ்வளவு கணிதம் ஓடுகிறது.

மதிய இடைவேளைதான் எனக்குப் பிடித்த நேரம். எல்லோரும் பீட்சா சாப்பிடுவார்கள். கன்ட்ரோல் ரூமில் யெல்லோஃப்ரூட் என்ற இலவச மென்பொருளில் கடைசி ஸ்கோர்களை ஏற்றி, அடுக்கு பிரிப்போம். இரண்டு அணிகள் சமமாக நின்று ஓரிடம்தான் இருந்தால், அரை பாக்கெட், 10 கேள்வி, நேருக்கு நேர். மேல் அடுக்குக்குப் போகும் உரிமையைக் கூடுமானவரை கால்குலேட்டரிடம் விடுவதில்லை. அணிகளை எண்ணால் ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால், ஒரு போனஸுக்குச் சராசரியாக எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று பார்ப்பார்கள். போனஸ் வாசிக்கும்போது எதிரணி குறுக்கிட முடியாது, எனவே எதிரி பலசாலியா பலவீனமா என்பது அதில் அதிகம் கலக்காது. என்ன கூர்மையான யோசனை!

இறுதிப் போட்டியிலும் அதே நேர்மை. மேல் அடுக்கில் முதலில் நிற்கும் அணி இரண்டு ஆட்டம் முன்னால் இருந்தால், இறுதிப் போட்டியே கிடையாது, கோப்பை அவர்களுக்கு. ஓர் ஆட்டம் முன்னால் இருந்தால், அவர்களுக்கு ஒரு வெற்றி போதும், இரண்டாம் அணி இரண்டு முறை வெல்ல வேண்டும். சமமென்றால் ஒரே ஆட்டம். நாள் முழுக்கச் சேர்த்ததைக் கடைசி அரைமணி அழித்துவிடாது.

பெரிய தேசியப் போட்டிகளில் வேறு வழிகளும் உண்டு. 1999இல் தொடங்கிய, என்.ஏ.க்யூ.டி. நிறுவனத்தின் உயர்நிலைப் பள்ளித் தேசியப் போட்டிக்கு இப்போதெல்லாம் முந்நூறுக்கும் மேல் அணிகள் வருகின்றன. அங்கே அணிகள் கையில் எண் அட்டையோடு அலையும். வென்றவர் சிறிய எண்ணை எடுத்துக்கொள்ள, அடுத்த எதிரியை அந்த அட்டையே சொல்லும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனாலும் என் ஓட்டு பேஸ் அமைப்பின் தேசியப் போட்டிபோல் பிரிவு பிரித்து, மறுபடி அடுக்கும் முறைக்கே. யாரோடு தோற்றேன், யாரை ஜெயித்தேன் என்று பிள்ளைகள் பெயர் சொல்லிப் பேச அங்கேதான் வாய்ப்பு அதிகம்.

சென்னையில் வளர்ந்தவள் நான். அப்போதெல்லாம் ஆகஸ்ட் 15 என்றால் மியூசிக் அகாடமியில் லேண்ட்மார்க் க்விஸ். எழுத்துச் சுற்று முடிந்து சில அணிகள் மேடைக்குப் போக, அரங்கம் நிறைய மற்றவர்கள் பார்த்து ரசிப்போம். அது திருவிழா, அதன் சுவை வேறு. அமெரிக்காவிலும் 1953இல் வானொலியில் தொடங்கி பிறகு தொலைக்காட்சிக்குப் போன காலேஜ் பவுல், ஒரு நேரத்தில் ஓர் ஆட்டம் என்றுதான் நடந்தது. ஒளிபரப்புக்கு அதுதான் சரி. மேடையை விட்டு வகுப்பறைகளுக்குள் வந்த பிறகு, ஒரே நேரத்தில் 12 ஆட்டம் நடத்த முடிந்தது. பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை, வந்தவர்கள் எல்லோரும் ஆடுகிறார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் அடுத்த வினாடி வினா நடக்கும்போது மேடை போடாதீர்கள். 8 அணி, 4 வகுப்பறை, வாசிக்க நாலு ஆசிரியர், 7 கேள்விக் கட்டு போதும். பஸர் இல்லாவிட்டால் மேசையைத் தட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன இரண்டு வரிசையை எழுதி, 8ஐ அசைக்காமல் மற்றவர்களை நகர்த்துங்கள். காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால், நடுவில் சாப்பாட்டுக்கு விட்டும், இரண்டு மணிக்குள் 28 ஆட்டமும் முடிந்துவிடும்.