வீதி யாருக்கு உரியது? - புக்கானன் அறிக்கை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நகரமைப்புப் பற்றி எழுந்த அரசாங்க அறிக்கைகளுள், தாம் வெளியான நாட்டின் எல்லையைக் கடந்து படிக்கப்பட்டவை மிகச் சிலவே. பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சுக்காகக் கொலின் புக்கானனும் அவர்தம் குழுவினரும் தயாரித்து, 1963 நவம்பரில் வெளிவந்த 'நகரங்களிற் போக்குவரத்து' அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே அதன் சுருக்கம் பெங்குயின் வெளியீடாகப் பொதுவாசகர் கைக்கு எட்டியது. மோட்டார் வாகனத்துக்கு நகரத்தைத் திறந்துவிட்ட நூல் என ஒரு சாராரும், வாகனத்திலிருந்து நகரத்தைக் காக்க முனைந்த நூல் என மற்றொரு சாராரும் அதனைக் கொள்வர். இவ்விரு முடிபுகளுக்கும் ஒரே நூல் இடந்தந்தமைக்கான காரணத்தை அந்நூலின் உள்ளேயே தேடுதல் வேண்டும்.

அறிக்கையின் தலையாய பங்களிப்பு அதன் அளவுகோலாகும். மணிக்கு எத்தனை வாகனங்கள் செல்லமுடியும் என்பதைக் கொண்டே வீதியொன்றின் கொள்ளளவைக் கணிப்பது பொறியியலாளர் வழக்கு. புக்கானன் அவ்வழக்கைத் தலைகீழாக்கினார். இரைச்சல், புகை, விபத்தபாயம், பாதசாரி வீதியைக் கடக்கக் காத்துநிற்கும் நேரம் ஆகியவற்றை நோக்கி, ஒரு வீதி எத்தனை வாகனங்களைப் பொறுத்துக்கொள்ளும் என வினவினார். இதுவே 'சுற்றாடற் கொள்ளளவு' எனும் கருத்து. நகரம் பெரியதொரு கட்டடமெனில், குடியிருப்புகளும் கடைத்தெருக்களும் அதன் அறைகள். பெருவீதிகள் அதன் நடைகூடங்கள். நடைகூடத்தாற் செல்லவேண்டிய கூட்டம் அறைகளினூடே புகுந்து செல்லலாகாது. வீதியை மக்கள் வாழும் இடமாகக் கண்ட இப்பார்வையின் பெறுமதி இன்றும் குறையவில்லை.

ஆயின், இவ்வளவுகோலைக் கண்டறிந்த அறிக்கை தொடங்கும் இடமே அதன் பலவீனமாகும். அப்போது ஏறத்தாழ ஒரு கோடியாக இருந்த பிரித்தானிய வாகனத்தொகை, 2010 அளவில் நான்கு கோடியாகப் பெருகலாம் என்ற மதிப்பீட்டை அது அடிப்படையாகக் கொண்டது. வாகனப் பெருக்கம் மாரிகாலத்து வெள்ளம் போல, அணைகட்டித் திருப்பலாமேயன்றித் தோற்றுவாயில் வினவலாகாத ஒன்றாகக் கொள்ளப்பட்டது. ஆனால் இது இயற்கையின் விளைவன்று. அதே 1963 மார்ச்சில் வெளியான பீச்சிங் அறிக்கை 2,000க்கும் மேற்பட்ட புகையிரத நிலையங்களை மூடுமாறு விதந்துரைத்திருந்தது. ஒரு கையாற் புகையிரதத்தை ஒடுக்கிக்கொண்டு, மறுகையாற் கார்களை எண்ணி, அதுவே மக்களின் தேவை என்பது முறையான தர்க்கமாகாது.

லீட்ஸ் போன்ற பெருநகரில் அனைவரும் காரிலே வேலைக்குச் செல்லுதல் இயலாது என்பதையும், நோர்விச் போன்ற பழைய நகரின் மையத்தில் வாகனங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதையும் அறிக்கை ஒப்புக்கொள்கிறது. அந்நேர்மை பாராட்டத்தக்கது. எனினும், சிறுவர், முதியோர், கார் வாங்க வசதியற்ற தொழிலாளர் ஆகியோர் வீதியின் உரிமையாளராக அதில் இடம்பெறவில்லை. பாதுகாக்கப்படவேண்டியோராக மட்டுமே இடம்பெறுகின்றனர். எத்தனை வாகனங்கள் என்று கேட்ட அறிக்கை, யாருடைய வாகனங்கள் என்று கேட்கவில்லை.

இதன் விளைவு நடைமுறையிற் புலனாயிற்று. நடைகூடங்கள் கட்டுவதற்குப் பணமும் ஒப்பந்தகாரரும் இருந்தனர். அறைகளைக் காப்பதற்கு அத்தகைய வலிமை இருக்கவில்லை. 1970இல் திறக்கப்பட்ட 'வெஸ்ட்வே' எனும் உயர்மட்டப் பெருவீதி, வட கென்சிங்டனின் எளிய மக்கள் வாழ்ந்த தெருக்களைப் பிளந்து சென்றது. அது புக்கானனுக்கு முன்னரே கருக்கொண்ட திட்டமாயினும், அறைகளைக் காக்க அவர் தந்த கருத்து அவ்வீடுகளுக்கு உதவவில்லை. இலண்டனைச் சூழ வகுக்கப்பட்ட வளையப் பெருவீதித் திட்டம், வீடிழக்க நேர்ந்தோரின் எதிர்ப்பினால் வலுவிழந்து, 1973இல் மாநகர சபைத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றபின் கைவிடப்பட்டது. நிபுணர் அறிக்கை தடுக்காததை மக்களின் வாக்கு தடுத்தது.

அதே சுற்றாடற் கருத்து நெதர்லாந்தில் வேறொரு வாழ்வு பெற்றமை ஒப்பிட்டு நோக்கற்பாலது. 1971இல் மட்டும் அந்நாட்டு வீதிகளில் 3,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் சிறுவர். பெற்றோர் கிளர்ந்தெழுந்தனர், சிறுவர் கொலையை நிறுத்துக என்பதே அவர்தம் இயக்கத்தின் பெயராயிற்று. டெல்ஃப்ட் நகரிலோ குடியிருப்பு முற்றம் எனப் பொருள்படும் 'வூனெர்ஃப்' உருவாகி, 1976இல் சட்ட அங்கீகாரம் பெற்றது. அங்கு நடைபாதை வேறு, வண்டிப்பாதை வேறு என்ற பிரிவில்லை. மரங்களும் வளைவுகளும் வேகத்தை அடக்க, கார் நடைவேகத்திலேயே செல்லவேண்டியிருந்தது. புக்கானன் வாகனத்தையும் மனிதரையும் பிரிக்க முயன்றார்; டெல்ஃப்ட் அவர்களை ஒருங்கே வைத்து, முதன்மையை மனிதருக்கு அளித்தது. அறிக்கையில் ஓர் அளவீடாக இருந்தது, இங்கு ஓர் உரிமையாக மாறிற்று.

எனவே, அறிக்கையின் குறை அதன் கணிதத்திலன்று. அது கேட்காதுவிட்ட வினாவிலேயே உள்ளது. திட்டமிடல் பக்கஞ்சாராத அறிவியல் என்று கொள்வோர், வீதியின் அகலம் தீர்மானிக்கப்படும்போதே அதில் யார் விரைவர், யார் காத்து நிற்பர் என்பதும் தீர்மானிக்கப்படுவதை மறக்கின்றனர். புக்கானன் தந்த அளவுகோலைப் பேணிக்கொள்வதும், அதை யார் கையில் எடுப்பது என்ற வினாவை அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதுமே இன்று அவ்வறிக்கையைப் படிப்போரின் கடமையாகும்.