இசைநூலும் இசைத்தட்டும்: நூலகப் பட்டியல் முறை பற்றிய ஓர் ஆய்வு

நூலகப் பட்டியல் என்பது நூல்களை எண்ணிவைக்கும் வெறுங் கணக்கன்று. நாடி வருவோனது கருத்தை முன்னரே உணர்ந்து அவனுக்கு வழிகாட்டுவதே அதன் பயன். இலக்கிய நூல்களைப் பொறுத்தவரை இவ்வழி பெரிதும் செப்பனிடப்பெற்றுள்ளது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், பொருள் என்னும் மூன்று வாயில்களுள் எதன்வழிப் புகினும் வேண்டிய நூலை அடையலாம். இசைநூல்களிடத்தும் இசைத்தட்டுகளிடத்தும் நிலைமை வேறு. அவற்றை நாடுவோன் பெரும்பாலும் நூலைத் தேடுவதில்லை, பாட்டைத் தேடுகிறான். சுரதாளக் குறிப்புடன் கூடிய நூறு பாடல்களின் தொகுதியொன்று பட்டியலில் தொகுதியின் பெயரால் மட்டும் நிற்குமாயின், அந்நூறு பாடல்களும் அந்நூலகத்தில் இருந்தும் இல்லாதனவே ஆகும். 1931-ஆம் ஆண்டில் நூலக இயலின் ஐந்து விதிகளை வகுத்த சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதனார், படிப்போரின் காலத்தைச் சேமித்தல் வேண்டும் என்பதை நான்காம் விதியாக வைத்தார். இசைப்பகுதியில் அவ்விதி இன்னும் முற்ற நிறைவேறவில்லை.

பாடல்தோறும் தனிக்குறிப்பு எழுதிவிட்டால் இக்குறை நீங்கும் எனச் சிலர் கருதலாம். உழைப்பின் குறையே இதற்குக் காரணமாயின் அங்ஙனம் கூறலாம். ஆயின், எழுதவேண்டிய குறிப்பு எத்தகையது, பாட்டுக்கு ஆசிரியர் யார், இசை அதன் உறுப்பா, உடையா என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் எழுதப்பெறும் குறிப்புகள் பெருகுந்தோறும் மயக்கமே பெருகும். ஆதலின் அவ்வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டார் கண்ட முறை

மேனாட்டில் இசைப்பட்டியல் நெடிது வளர்ந்த ஒரு கலை. மோசார்ட் இயற்றிய இசைகளைக் காலமுறையில் வரிசைப்படுத்திக் கோகெல் என்பார் 1862-இல் வெளியிட்ட பட்டியல் இத்துறையில் ஒரு வழிகாட்டி. ஒவ்வோர் இசைக்கும் எண் தந்ததோடு அவர் அமையவில்லை. அதன் தொடக்கப் பகுதியைச் சுரக்குறியீட்டிலேயே பொறித்தார். பெயர் மயங்கினும் தொடக்க இசை மயங்காது என்பது அவர் கண்ட உண்மை. பாக்கின் இசைகளுக்கு 1950-இல் சிமீடர் செய்த பட்டியலும் இவ்வழிப்பட்டதே. 1951-இல் அனைத்துலக இசை நூலகங்களின் சங்கம் தோன்றியது. மறு ஆண்டில் உலகெங்குமுள்ள இசை மூலங்களைத் தொகுத்துரைக்கும் பெருமுயற்சி தொடங்கிற்று. 1967-இல் வந்த ஆங்கில அமெரிக்கப் பட்டியல் விதிகள், ஓர் இசை எம்மொழியில் எப்பெயரால் அச்சாயினும் அதனை ஒரே பொதுப்பெயரின்கீழ்க் கொணரும் முறையை உறுதிப்படுத்தின.

இம்முறையின் சிறப்பை மறுத்தற்கில்லை. எனினும் இது ஒரு கொள்கையை அடிநிலையாகக் கொண்டது. இசையமைத்தோனே ஆசிரியன், அவன் எழுதி முடித்த குறியீட்டு ஏடே படைப்பு, பாடுவோரும் கருவியிசைப்போரும் அவ்வேட்டை ஒலிவடிவாக்குவோர் என்பதே அக்கொள்கை. ஒரு கவிஞன் பாட்டுக்கு இசையமைக்கப்பெற்றவிடத்தும், தலைமைக் குறிப்பு இசையமைத்தோன் பெயரிலேயே அமையும். கவிஞன் துணைக்குறிப்பில் இடம்பெறுவான். இசையின் சுருதிநிலை பொதுப்பெயரின் ஓர் உறுப்பாகவே எழுதப்படும். ஏட்டில் எழுதிய இசை மாறாதது ஆகலின் இவையெல்லாம் அந்நாட்டுக்குப் பொருந்துவனவே. தமிழிசைக்குப் பொருந்துமா என்பதே வினா.

பரிபாடற் குறிப்புகள்

இவ்வினாவிற்கு விடையை நம் தொகைநூல் ஒன்றே தருகின்றது. 1918-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த பரிபாடலில், பாடல்களின் இறுதியில் காணும் பழங்குறிப்புகள் அறிஞர் யாவரும் அறிந்தனவே. பாடலைப் பாடிய புலவர் பெயர், அதற்கு இசை வகுத்தோர் பெயர், பண்ணின் பெயர் ஆகிய மூன்றும் அவற்றில் தனித்தனியே குறிக்கப்பெற்றுள்ளன. இரண்டாம் பாடலைப் பாடியவர் கீரந்தையார், இசை வகுத்தவர் நன்னாகனார், பண் பாலையாழ். கடுவன் இளவெயினனார் பாடிய மூன்றாம், நான்காம் பாடல்களுக்குப் பெட்டனாகனாரும் ஐந்தாம் பாடலுக்குக் கண்ணனாகனாரும் இசை வகுத்தனர். பதினான்காம் பாடலுக்குப் புலவரும் இசை வகுத்தவரும் கேசவனார் ஒருவரே. ஆயினும் குறிப்பு அவர்தம் இருதொழிலையும் வேறுவேறாகவே கூறுகின்றது.

இதனால் பெறப்படுவன இரண்டு. ஒன்று, சொல்லின் ஆசிரியனும் இசையின் ஆசிரியனும் வேறாதல் இயல்பு என்பதும், இருவர் பெயரும் காக்கத்தக்கன என்பதும் நம் முன்னோர்க்கு உடன்பாடு. மற்றொன்று, பண்ணைக் குறிப்பாக எழுதியதோடு அமையாமல், அதனை வரிசைக்கும் அடிப்படையாகக் கொண்டனர். இரண்டு முதல் பன்னிரண்டு வரையுள்ள பாடல்கள் பாலையாழிலும், பதின்மூன்று முதல் பதினேழு வரையுள்ளவை நோதிறத்திலும், பதினெட்டு முதல் இருபத்தொன்று வரையுள்ளவை காந்தாரத்திலும் அமைந்திருத்தல் தற்செயல் நிகழ்ச்சி அன்று. தேவாரத்தைப் பண்முறையாகவும் தலமுறையாகவும் இருவகையில் அடைவுசெய்த வழக்கமும் இதனோடு எண்ணத்தக்கது. பண்ணறிந்து ஓதுவார்க்கு ஒரு வாயிலும், தலத்தை நாடுவார்க்கு ஒரு வாயிலும் வேண்டும் என்னும் உணர்ச்சி அதன்கண் வெளிப்படை. பட்டியற் கலையின் உயிர்நிலையும் அதுவே.

இசை மாறும் பாட்டு

பிற்காலத் தமிழிசையில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகின்றது. அருணாசலக் கவிராயர் இராம நாடகக் கீர்த்தனைகளை இயற்றினார். அவற்றிற்கு இசையமைத்தவர்கள் அவருடைய மாணாக்கராகிய கோதண்டராமையரும் வேங்கடராமையரும் ஆவர். அப்பாடல்களுட் பல, அச்சேறிய ஏடுகளில் குறித்த இராகத்தை விட்டு, பிற்காலப் பாடகர் தந்த வேறு இராகங்களில் இன்று வழங்குகின்றன. இசையமைத்தோனையே ஆசிரியனாகக் கொள்ளும் விதியை இங்கே அவ்வாறே பின்பற்றினால், கவிராயர் பாடல்கள் அவர் பெயரினின்றும் நீங்கிப் பல பெயர்களிற் சிதறும். இராகத்தைப் பொதுப்பெயரின் உறுப்பாக்கினால், ஒரே பாடல் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து நிற்கும்.

பாரதியார் பாடலொன்றைச் சான்றாகக் காட்டுவாம். கண்ணன் பாட்டில் 'கண்ணம்மா – என் குழந்தை' என்னும் தலைப்பின்கீழ் இராகம் பைரவி, தாளம் ரூபகம் என்னும் குறிப்பும், பாடும் முறையைக் காட்டும் சுரக்குறிப்பும் அமைந்துள்ளன. தம் பாட்டின் இசையைக் கவிஞரே இத்துணைத் தெளிவாக எழுதிவைத்தல் அரிது. ஆயின் தமிழ் மக்கள் அப்பாடலை அறிந்திருப்பது பைரவியில் அன்று. 1951-இல் வெளிவந்த 'மணமகள்' திரைப்படத்தில், சி. ஆர். சுப்பராமன் இசையில் எம். எல். வசந்தகுமாரி முதலியோர் பாடிய, காபியில் தொடங்கும் இராகமாலிகையே பலர் நாவிலும் நிலைபெற்றது. பாடலுக்குக் கவிஞரிட்ட தலைப்பும் வழக்கில் இல்லை. 'சின்னஞ்சிறு கிளியே' என்னும் முதற்குறிப்பே அதற்குப் பெயராயிற்று.

ஒரு நூலகத்தில் பாரதியார் கவிதைத் தொகுதியும், இப்பாடலின் சுரதாளக் குறிப்பு நூலும், திரைப்பட இசைத்தட்டும் உள்ளன எனக் கொள்வோம். தொகுதி கவிஞர் பெயரிலும், குறிப்பு நூல் தொகுத்தோர் பெயரிலும், தட்டு படத்தின் பெயரிலும் பதிவாகுமாயின், மூன்றும் ஒரே பாடல் என்பதை அறிவிப்பார் யார்? கவிஞர் கருதிய இசை யாது, வழக்கில் வென்ற இசை யாது, எக்காலத்து யாரால் மாறியது என ஆராயப்புகும் மாணவனுக்கு இம்மூன்றும் ஓரிடத்தே வேண்டும். அவை கூடாதவழி அவ்வாராய்ச்சி தொடங்குதற்கே இடமில்லை.

1998-இல் அனைத்துலக நூலகச் சங்கக் கூட்டமைப்பு வெளியிட்ட நெறி, படைப்பு, அதன் வெளிப்பாடு, வெளிப்பாட்டின் பதிப்புருவம், தனிப்படி என நான்கு நிலைகளைப் பகுத்தது. இப்பகுப்பு நமக்குப் பெரிதும் துணையாவது. எனினும் ஒரு கவிதைக்குப் புதிதாக இசையமைப்பின் அதனைப் புதியதோர் இசைப்படைப்பாகவே கொள்ளும் மேனாட்டுக் கருத்து அதன் வழிவந்த விதிகளிலும் தொடர்கின்றது. அங்ஙனமாயின் பைரவிப் பாடல் ஒரு படைப்பு, இராகமாலிகைப் பாடல் மற்றொரு படைப்பு என்றாகும். தமிழ்ச் சுவைஞனுக்கோ பாட்டு ஒன்றே, இசை இரண்டு. பாடலைப் படைப்பாகவும், இசையமைப்பு ஒவ்வொன்றையும் அதன் வெளிப்பாடாகவும் கொள்ளுதலே நம் மரபிற்கு ஏற்றது என்பது எம் துணிபு.

குறிப்பு நூலின் தன்மை

இவ்விடத்துப் பிறிதொரு செய்தியும் எண்ணத்தக்கது. சுரதாளக் குறிப்பு நூலை மேனாட்டு இசையேட்டோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனைகள் பலவற்றைத் தருகின்றது. ஆயின் அதிலுள்ள சுரக்குறிப்பு, ஆசிரியர் தம் கையால் எழுதிய ஏட்டின் படி அன்று. தம் குடும்ப வழியே வந்த பாடாந்தரத்தை நூலாசிரியர் எழுதிவைத்தது. தியாகராசர் கீர்த்தனைகளும் உமையாள்புரம், தில்லைத்தானம், வாலாசாபேட்டை என்னும் மாணாக்கர் மரபுகளின் வழியே வந்தமையால், அவற்றின் பாடாந்தரங்கள் தம்முள் வேறுபடுதல் உண்டு. ஆகவே நம் குறிப்பு நூல், பாடகர் ஒருவர் பாடிய முறையைத் தாளிற் பதிவு செய்ததாகும். இசைத்தட்டு அதனையே அரக்கிற் பதிவு செய்கின்றது. இரண்டும் ஓரினத்தன. யாருடைய பாடாந்தரம் என்னும் செய்தி, தட்டிற்குப் பாடகர் பெயர் எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது குறிப்பு நூலுக்கும் ஆகும். பல பட்டியல்கள் இதற்கு இடமே ஒதுக்குவதில்லை.

தட்டின்கண் வேறு இடர்ப்பாடுகளும் உள. 1902-இல் கல்கத்தாவில் கெய்ஸ்பர்க் என்பார் கௌஹர்ஜானின் பாடல்களைப் பதிவு செய்தபோது, பாட்டின் இறுதியில் அப்பெருமாட்டி தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் உரைத்தார். செருமனி நாட்டு ஆனோவரில் தட்டினை அச்சிடுவோர் பாடியவரை அடையாளம் காணுதற்கே இவ்வேற்பாடு. பதிவொலியின் உள்ளேயே பட்டியற் குறிப்பும் அமைந்த இந்நிகழ்ச்சி, பெயரற்ற ஒலி பயனற்றது என்பதைத் தொழில் தொடங்கிய நாளிலேயே அதற்குரியோர் உணர்ந்தமையைக் காட்டும். பிற்காலத் தட்டுகளில் ஒட்டிய தாள் அப்பணியை மேற்கொண்டது. ஆனால் அத்தாள் உரைப்பதெல்லாம் உண்மை என்று கொள்ளவும் இயலாது. பாட்டியற்றியவர் பெயர் விடுபடும். பக்க இசைஞர் பெயர் பெரும்பாலும் இராது. இராகப்பெயர் பிறழ எழுதப்பெறுதலும் உண்டு. ஆதலின் தாளில் உள்ளவாறு எழுதுவது ஒரு கடமை. கேட்டறிந்து திருத்தம் கூறுவது மற்றொரு கடமை. இரண்டையும் கலவாமல், பின்னதைப் பகர அடைப்புள் தருதல் வேண்டும். சுவடியின் பாடத்தையும் பதிப்பாசிரியர் கொண்ட பாடத்தையும் பிரித்துக் காட்டும் நம் பதிப்பு நெறியே இது.

கொள்ளத்தக்க முறை

மேற்கூறியவற்றால் நாம் கொள்ளத்தக்க முறை ஒருவாறு புலனாகும். பாடலின் முதற்குறிப்பே தலைப்பாதல் வேண்டும். செய்யுள் முதற்குறிப்பு அகராதியோடு பழகிய தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. நூலில் உள்ள தலைப்பு வேறாயின் அங்கிருந்து முதற்குறிப்பிற்கு வழிகாட்டல் வேண்டும். பாடல் எவ்வெழுத்தில் அச்சாயினும் முதற்குறிப்பு ஒன்றாகவே நிற்றல் வேண்டும். தலைப்பின்கீழ் பாடியற்றியவர், இசை வகுத்தவர், பாடாந்தரத்திற்கு உரியவர் அல்லது தட்டிற் பாடியவர், பக்க இசைஞர் ஆகியோர் தத்தம் தொழிற்பெயரோடு நிரலே வருக. இராகமும் தாளமும் பாடலின் பெயரோடு சேராமல், குறிப்பிட்ட நூலுக்கும் தட்டிற்கும் உரியனவாக எழுதப்படுக. இராகத்தின்வழித் தேடுவார்க்கு அடைவு ஒன்று தனியே அமைக. மாறிய இசைகளை வேறுபடுத்தக் கோகெல் காட்டிய வழியில் தொடக்கச் சுரங்களைப் பொறித்தலும் நன்று.

இத்துணை விரிவாக எழுதப் பொழுதும் பொருளும் இசையறிவும் ஒருங்குடைய நூலகம் எத்தனை என்று வினவலாம். வினா நேரியதே. நூலகர் ஒருவரே இதனை முற்றச் செய்தல் இயலாது. இசைத்துறையும் தமிழ்த்துறையும் அவரோடு கூடி உழைத்தல் வேண்டும். முதற்குறிப்பும் மூவகை ஆசிரியர் பெயரும் மட்டுமேனும் முதற்கண் எழுதப்பெறின், எஞ்சியவற்றைப் பின்வருவோர் நிரப்புதல் எளிது. அவையும் இன்றேல் பின்வருவோர்க்குத் தொடங்கவே வழியில்லை.

பரிபாடலுக்கு வகுத்த இசையை இன்று பாடிக்காட்ட வல்லார் இலர். அவ்விசை மறைந்தது, எனினும் நன்னாகனாரும் பெட்டனாகனாரும் மறையவில்லை. ஏடெழுதினோர் ஒரு வரியைக் கூடுதலாக எழுதிய அருமையே அவர்களை நமக்குத் தந்தது. நம்மிடமோ இசையே தட்டில் ஒலித்துக்கொண்டிருக்கின்றது; அதனை வகுத்தவர் பெயரும் வயலின் இசைத்தவர் பெயரும் பட்டியலில் இல்லை. சங்கத் தொகைநூலின் இசையாசிரியரை அறிந்த அளவுகூட நேற்றைய இசைத்தட்டின் இசையாசிரியரை வருங்காலத்தார் அறியாமற் போவரேல், அக்குறை நம் காலத்துப் பட்டியலையே சாரும்.