தூறலிற் பிடித்த படங்கள்

மழை தூறும் வேளையிற் பழம்பட்டணம் ஒன்றில் தன்னந்தனியே நடந்து நிழற்படம் பிடித்து வருதல் இந்நாளிற் பலர் விரும்பிக் கைக்கொள்ளும் கலை. நம் நாட்டில் இக்கலைக்கு ஏற்ற இடம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் என்பர். அந்நகரத் தெருக்களைத் தூறலிற் காட்டும் படங்கள் நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் மலிந்து கிடக்கின்றன. நாமும் தோட்டத்துக் காரியாலயம் மூடிய நாட்களில் படப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தெருக்களில் அலைவதுண்டாதலின், இப்படங்களின் குணத்தையும் குற்றத்தையும் சிறிது ஆராயத் துணிந்தோம்.

குணத்தை முதலிற் கூறுவோம். நம் நாட்டு நண்பகல் வெயிலில் ஒரு தெருவைப் படம் பிடித்தால், ஒரு பாதி சுண்ணாம்பாகவும் மறு பாதி கரியாகவும் விழும். மேகம் கவிந்துவிட்டாலோ ஒளி எங்கும் சமமாகப் பரவுகிறது. காரை பெயர்ந்த சுவரின் ஒவ்வொரு வடுவும் தெரிகிறது. நனைந்த ஓடு நிறம் ஏறுகிறது. தார்ச்சாலை கண்ணாடியாகிக் கடைவிளக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. ஆகவே, நேற்றுப் படப்பெட்டி வாங்கியவன் எடுத்ததும் தூறலில் தேர்ந்த கலைஞன் எடுத்ததுபோலத் தோன்றும். வானம் தந்த இச்சலுகையைத் தன் திறமையென்று ஒருவன் எண்ணிக்கொள்வானாயின், அதனைப் பெருங்குற்றமென நாம் சொல்லமாட்டோம்.

பெருங்குற்றம் வேறு. இப்படங்களிற் பெரும்பாலானவற்றில் மக்கள் இல்லை. ஈரத்தெரு, மூடிய பலகணி, சாய்ந்து கிடக்கும் சைக்கிள், அவ்வளவே. கீழே 'தனிமை' என்றோ 'உறங்கும் நகரம்' என்றோ ஒரு தலைப்பு. நகரம் உறங்கவில்லை, படம் பிடித்தவர்தாம் அதனைக் காணவில்லை.

ஏன் காணவில்லை என்பதற்கு அவ்வூர்க் கட்டடங்களே சான்று கூறும். கடைவீடுகளின் முன்னே மேல்மாடியின் நிழலில் ஓடும் நடைபாதையை ஐந்தடி என்றும் மலாய் மொழியிற் காக்கி லிமா என்றும் வழங்குகிறோம். 1822 இல் சிங்கப்பூர் நகரை வகுத்த ராபிள்ஸ், மூடிய நடைபாதை தொடர்ச்சியாக விடப்படவேண்டுமென விதித்தார். நீரிணைக் குடியேற்ற நகரங்கள் பலவும் பின்னர் அவ்வமைப்பைக் கொண்டன. வெயிலுக்கும் மழைக்கும் மக்கள் ஒதுங்குவதற்கென்றே அமைந்த இடம் அது. ஆதலின் தூறல் விழுந்தவுடன் தெருவின் வாழ்வு அணைந்துவிடுவதில்லை. மூன்றெட்டு உள்ளே நகர்ந்துவிடுகிறது. பினாங்கு வீதியில் அந்நேரம் ஐந்தடிக்குள் நுழைந்து பாருங்கள். பூத்தொடுப்பவர் கூடையை உள்ளே இழுத்துக்கொள்கிறார். திரிஷா ஓட்டும் முதியவர் தலையைத் துவட்டிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார். பள்ளிப் பிள்ளைகள் தூணுக்குத் தூண் தாவுகிறார்கள். முன்பின் அறியாத நால்வர் ஒரே தூணில் சாய்ந்து, மழையைப் பற்றி நான்கு மொழியிற் பேசுகிறார்கள். நம் கலைஞரோ குடைபிடித்து நடுத்தெருவில் நின்று மேல்மாடிச் சாளரத்தைக் குறி வைக்கிறார்!

இனி, அந்தச் சாளரங்களுள் உண்மையிலேயே வெறுமையானவை பல உண்டு. அவ்வெறுமைக்கு மழை காரணமன்று. 1948 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துக்குள் கட்டிமுடித்த வீடுகளின் வாடகையை 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயரவிடாது காத்து வந்தது. 1997 இல் அச்சட்டத்தை நீக்கினர். 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் வீட்டுக்காரர் கேட்டதே வாடகையாயிற்று. கொடுக்க இயலாத குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த தெருக்களை விட்டு வெளியேறின. 2008 இல் மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனும் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டபின், பழைய குடியிருப்புகள் பல விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. குடிபோன வீட்டை ஈரத்தோடு படம்பிடித்து 'அமைதி' என்று பெயரிடுவது, அவ்வீட்டிலிருந்து பெட்டி சுமந்து இறங்கியவருக்கு எப்படிப்படும்?

பாரிசு நகரத்து அட்ஜே எடுத்த தெருக்களும் ஆளற்றவைதாமே என்று சிலர் எம்மோடு வாதிடுவர். நல்ல வாதம். 1857 இற் பிறந்து 1927 இல் மறைந்த அட்ஜே, முப்பதாண்டுக்காலம் கண்ணாடித் தகடுகளையும் கனத்த படப்பெட்டியையும் சுமந்து, பெரும்பாலும் அதிகாலையிற் பழைய பாரிசைத் தனியே சுற்றியவர். அவருடைய பெட்டிக்கு ஒளி மெல்லவே ஏறும். நடப்பவர் புகைபோலக் கலைந்துபோவர். ஆயினும் அவர் எடுத்த கடைவாயிலைப் பாருங்கள்: தொங்கும் சட்டை, அடுக்கிய செருப்பு, விலைச்சீட்டு, முற்றத்தில் நிறுத்திய தள்ளுவண்டி. ஆள் இல்லை, ஆளின் கை எங்கும் இருக்கிறது. அதுமட்டுமன்று, விளக்குமூடி விற்பவரையும் இசைப்பெட்டி சுற்றுபவரையும் குப்பை பொறுக்குவோரையும் நேரே நிறுத்திப் படமெடுத்தவரும் அவரே. 1920 இல் அவர் தம் தகடுகளில் 2,621 ஐப் பிரெஞ்சு அரசுக்கு விற்றார். இடிபடும் வீட்டுக்கு ஒரு பதிவேடு வேண்டுமென்று உழைத்தார். நம்மவர் சுவருக்கு அழகு வேண்டுமென்று அலைகிறார்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அட்ஜே மீது தனிப்பற்று உண்டாவதிற் புதுமையில்லை.

ஆர்மீனியன் தெருச் சுவரில் 2012 இற் சகாரெவிச் தீட்டிய சைக்கிட் பிள்ளைகளைப் படமெடுக்க இன்றும் தூறலில் வரிசை நிற்கிறது. தீட்டிய பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு, எதிர்த் தூணில் ஒதுங்கிய பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

தோட்டத்திற் பிறந்த கண் தூறலை இத்துணை இனிதாகப் பார்ப்பதில்லை. மரப்பட்டை நனைந்தால் ரப்பர் வெட்டு நிற்கும். வெட்டு நின்றால் கூலி குறையும். நம் பாட்டன்மாரிற் பலர் கப்பலில் வந்து முதன்முதற் கண்ட பட்டணமும் பினாங்குதான். அவர்கள் கால்வைத்த தெருக்களை வெறுஞ்சுவராகக் காண நாம் ஒருப்படோம்.

அண்மையில் ஓர் இளைஞர் தாம் எடுத்த படங்களை நமக்குக் காட்டினார். அவற்றுள் ஒன்று ஐந்தடிக்குள்ளிருந்து எடுத்தது. தூண்களுக்கு அப்பால் மழை வெறும் வெண்கோடு. இப்புறம் தையற்பொறியில் ஒரு பெரியவர்; ஊசிக்கு நூல் கோக்க வெளிச்சம் போதாமல், துணியைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருக்கிறார். சட்டம் ஒருபுறம் சாய்ந்திருந்தது. கீழ்மூலை சற்றுக் கலங்கியுமிருந்தது. பெரியவரின் பெயரென்ன என்று கேட்டோம். இளைஞர் உடனே சொன்னார். கடைக்கு அவர் வந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதையும் சொன்னார்.