விடுபட்டுப்போகும் ஓர் ஆண்டு

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று மாலையே வீட்டில் அடுத்த கேள்வி கிளம்பிவிடும்: "எந்த குரூப்?" விடையைப் பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடுகிறது. 500-க்கு 450-ஐத் தாண்டினால் முதல் குரூப். கொஞ்சம் குறைந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னும் இறங்கினால் காமர்ஸ். கடைசியில் மிஞ்சியவர்களுக்குத் தொழிற்கல்விப் பிரிவு. கோடு பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் ஏறி இறங்கும், வரிசை மாறுவதில்லை. அதன் பிறகு டியூஷன் சேர்ப்பு, பீரோ கதவில் ஒட்டிய கால அட்டவணை, விடியற்காலை நாலரை மணி அலாரம், பூட்டி வைத்த செல்போன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாம் போட்டுக் கொடுக்கும் இரண்டாண்டுத் திட்டம் இதுதான்.

மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் கணிதம் நடத்தியவன் நான். இந்தத் திட்டத்தால் கரையேறிய பிள்ளைகளையும் தெரியும், இதே திட்டத்தில் கால் இடறியவர்களையும் தெரியும். முதலில் கரையேறியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டிக்கும் பலர் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லாத வீட்டில், படிப்பதற்கென்று நேரமும் இடமும் தானாகக் கிடைக்காது. தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள, கடைக்கு ஓடிவர என்று மாலைப் பொழுது கரைந்துவிடும். பெண் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். "பாப்பா ப்ளஸ் டூ படிக்குது" என்ற ஒற்றை வாக்கியம் அந்த வீட்டின் ஒழுங்கையே மாற்றிவிடுகிறது. டிவி சத்தம் குறைகிறது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பா மட்டும் போய்வருகிறார். மகள் படிக்கும்போது துணைக்கு விழித்திருந்து, விற்பனைக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். பாடத்தில் ஒரு வரியும் அவருக்குப் புரியாது. ஆனால் அந்தப் பெண்ணின் திட்டத்தில் உறுதியான பகுதி அந்தத் தாய்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கெடுபிடியாகத் தெரிவது, உள்ளே இருக்கும் பிள்ளைக்குப் பல நேரம் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இத்தனை பேர் உருவானதில் இந்த வீட்டுத் திட்டங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

பழுது வேறிடத்தில் இருக்கிறது. நம் திட்டம் கடைசித் தேர்விலிருந்து பின்னோக்கிப் போடப்படுகிறது. ப்ளஸ் டூ மார்ச், கட்ஆஃப், கல்லூரி என்ற மூன்றைத்தான் அது பார்க்கிறது. அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படாமல் போவது ப்ளஸ் ஒன்.

இது புதிய நோய் இல்லை. 1978-இல் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு 1984 முதல் இருந்த நுழைவுத் தேர்வு, 2007 சேர்க்கையிலிருந்து நீங்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை செய்தது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எல்லாப் பாரமும் ப்ளஸ் டூ மதிப்பெண் மீது வந்து விழுந்தது. பொறியியல் கட்ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண். இதில் அரை மதிப்பெண் குறைந்தாலும் கலந்தாய்வு வரிசையில் பின்னுக்குப் போக வேண்டும். அந்த அரை மதிப்பெண்ணுக்குப் பயந்து, ப்ளஸ் ஒன் சேர்ந்த சில வாரங்களிலேயே ப்ளஸ் டூ புத்தகத்தைத் திறக்கும் பழக்கம் பல தனியார் பள்ளிகளில் பரவியது. ஒரே புத்தகத்தை இரண்டு ஆண்டு படித்தால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? கூடியது. பெற்றோர் மகிழ்ந்தார்கள், கட்டணம் அதிகம் வாங்கிய பள்ளிகளில் இதுவே விளம்பரமும் ஆனது.

விட்டுப்போனது என்ன என்பதைப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் பார்க்கலாம். இப்போதைய ப்ளஸ் டூ கணிதத்தில் அணிகளின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள் என்று இயல்கள் வருகின்றன. தலைப்பிலேயே 'பயன்பாடு' இருக்கிறது. பயன்படுத்த வேண்டிய பொருளை, அதாவது எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றை, ப்ளஸ் ஒன் புத்தகம்தான் அறிமுகம் செய்கிறது. அதைத் தாண்டி வந்த பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்து கணக்கை முடித்துவிடும். நான் வகுப்பில் கேட்பேன்: "இந்த இடத்தில் ஏன் வகையிடுகிறாய்?" தேர்வில் 100-க்கு 98 வாங்கும் பிள்ளை விழிக்கும். அதே பிள்ளை பொறியியல் முதல் பருவத்தில் கணிதத்தில் அரியர் வைத்துவிட்டு, தனக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நம்பி அழும்போது என்ன சொல்ல? மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா, உனக்கு ஓர் ஆண்டைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொல்லியும் இருக்கிறேன்.

மற்ற பாடங்களிலும் இதே கதைதான். இயக்கவியலும் வெப்பமும் ப்ளஸ் ஒன் இயற்பியலில் இருக்கின்றன. மோல் கணக்கு ப்ளஸ் ஒன் வேதியியலில் இருக்கிறது. செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம் எல்லாம் ப்ளஸ் ஒன் விலங்கியல். காமர்ஸ் குரூப்புக்கு இந்தக் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம்: இரட்டைப் பதிவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு என்று கணக்குப்பதிவியலின் அடித்தளம் முழுவதும் ப்ளஸ் ஒன்னில் இருக்கிறது. ப்ளஸ் டூவில் கூட்டாண்மைக் கணக்கு எடுக்கும்போது பற்று எது, வரவு எது என்று தடுமாறும் பிள்ளைக்கு ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவார்?

2017-இல் நீட் கட்டாயமானபோது இந்த ஓட்டை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்தத் தேர்வின் 180 கேள்விகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருகின்றன. அதே ஆண்டில் அரசு மூன்று காரியம் செய்தது. மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு என்றது. 1200 மதிப்பெண்ணை 600 ஆக்கியது. 2018 மார்ச்சில் முதல் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு நடந்தது. மருந்து கசந்தாலும் ஒரு வேலை செய்தது: பள்ளிகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தைத் திறந்தாக வேண்டியிருந்தது. ஆனால் அதே 2018 செப்டம்பரில், உயர்கல்விச் சேர்க்கைக்கு ப்ளஸ் ஒன் மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவிப்பு வந்தது. பிடி தளர்ந்தது. கொரோனாவால் 2021-இல் ப்ளஸ் டூ தேர்வே நடக்காமல் போனபோது மட்டும், மதிப்பெண் கணக்கீட்டில் 20 விழுக்காடு ப்ளஸ் ஒன்னுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆண்டைச் சரியாகப் படிக்காதவர்கள் அப்போது வருந்தினார்கள்.

இப்போது அந்தப் பொதுத்தேர்வும் இல்லை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வுகளைப் பிள்ளைகள் மேல் ஏற்றியது கொடுமை, நீக்கியது சரியே. ஆனால் காவல் போனபின் வேலியை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குத் திட்டம் போட உட்காரும் பெற்றோர் இனிப் பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ப்ளஸ் ஒன் பாடத்தை முழுசா நடத்துவீங்களா?" சேர்க்கை நாளில் கட்டணத்தைக் கேட்கிறோம், விடுதிச் சாப்பாட்டைக் கேட்கிறோம், சென்ற ஆண்டு சென்டம் எத்தனை என்று கேட்கிறோம். இதைக் கேட்பதில்லை.

கால அட்டவணையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்கு நகர்கிறது; இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராமல் புரள்வது சோம்பல் ஆகாது, வளர்ச்சி. எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் அந்த வயதுக்குத் தேவை என்று மருத்துவம் சொல்கிறது. பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது ஐந்தரை மணி. முதல் பாட வேளையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கும் முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் 'எத்தனை மணி நேரம் உட்கார்ந்தான்' என்று கணக்குப் பார்க்கிறார்கள். புத்தகத்தை மூடி வைத்து எழுதிப் பார்க்கும் அரை மணி, திறந்து வைத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இரண்டு மணியைவிடப் பலன் தரும். அந்தக் கணக்கை அட்டவணை காட்டாது.

குரூப் தேர்வில் நடப்பது இன்னொரு வகைக் குறை. எந்தக் கதவு எந்த குரூப்பால் மூடுகிறது என்பது சொல்லப்படுவதில்லை. கணிதமும் இயற்பியலும் இல்லாமல் பி.ஆர்க். கிடையாது, என்.டி.ஏ. வழியாக விமானப்படைக்கோ கடற்படைக்கோ போக முடியாது. சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் போதும். சி.ஏ. படிக்கக் காமர்ஸ் கட்டாயமில்லை. பத்து முடித்துப் பாலிடெக்னிக் போனவர் நேரடி இரண்டாம் ஆண்டாகப் பி.இ. சேரலாம். இவற்றை அறிந்த பிறகு ஒரு பிள்ளை முதல் குரூப் கேட்டால் அது அதன் முடிவு. மதிப்பெண் வந்துவிட்டதே என்று சேர்த்தால் அது சொந்தக்காரர்களின் முடிவு. அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் 'கல்லூரிக் கனவு' என்ற நிகழ்ச்சி ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு நடக்கிறது, நல்ல முயற்சி. அதே அக்கறையோடு ஒரு நாள், பத்தாம் வகுப்பு முடிவுக்கு முன்பே ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோரை உட்கார வைத்துப் பேசினால் எத்தனை தவறான சேர்க்கைகள் குறையும்! ப்ளஸ் ஒன்னில் எழுதும் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய், இரண்டு ஆண்டு கிடைக்கிறது. விண்ணப்பிக்கும் தேதி முடிந்த பிறகு அதைக் கேட்டுக்கொண்டு வருபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்த்தேன். திட்டத்தில் இதற்கு ஒரு வரி இடம் இருந்திருக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி எது என்று கேட்டால், காலாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கையில் எடுப்பது என்பேன். நம் வழக்கத்தில் அந்தத் தாள் ஒரு கையெழுத்துக்காக மட்டும் வீட்டுக்கு வருகிறது. மதிப்பெண்ணைப் பார்க்கிறோம், திட்டுகிறோம் அல்லது தட்டிக்கொடுக்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம். போன மதிப்பெண் எங்கே போனது என்று பார்ப்பதில்லை. புரியாமல் போனதா, புரிந்தும் மறந்து போனதா, தெரிந்தும் நேரம் போதாமலோ அவசரத்திலோ போனதா என்று மூன்றாகப் பிரித்தாலே போதும். புரியாததற்கு ஆசிரியர் வேண்டும். மறந்ததற்குத் திருப்புதல் வேண்டும். அவசரத்துக்குக் கடிகாரம் வைத்து எழுதும் பயிற்சி வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து "இன்னொரு டியூஷன் சேர்" என்பது, எந்த வலி என்று கேட்காமலே ஒரே மாத்திரை கொடுப்பது போல. இந்தப் பிரிப்பைச் செய்யப் பெற்றோருக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையைக் கேட்டால் போதும், அதற்குத் தெரியும்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, தெருவில் ஒரு பையனை அவன் அப்பா அழைத்து வந்தார். ப்ளஸ் ஒன், காலாண்டில் இயற்பியலில் 41. "சார், பிசிக்ஸுக்குத் தனியா டியூஷன் போடலாமா?" என்று கேட்டார். ஏற்கெனவே இரண்டு டியூஷன். மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து தாளைப் பிரித்தோம். பென்சிலைப் பையனிடமே கொடுத்தேன். போன மதிப்பெண்ணில் பெரும்பகுதி வெக்டார் வந்த இடங்களில் போயிருந்தது. இயற்பியல் அவனுக்குப் புரிந்துதான் இருந்தது, அதற்கு வேண்டிய கணிதம் வகுப்பில் இன்னும் வரவில்லை. அப்பா கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப ஒரு டியூஷனை நிறுத்திடலாமாடா?" என்று மகனிடம் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அவனே ஓர் அட்டவணை எழுதி வந்தான். செவ்வாயும் வெள்ளியும் வாலிபால் என்று போட்டிருந்தான். பொங்கல் கழித்துப் பார்த்தபோது அதே தாளில் பாதி வரிகள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. இரண்டு இடத்தில் அவன் அப்பாவின் கையெழுத்தில் பேருந்து நேரம் எழுதியிருந்தது. வாலிபால் அப்படியே இருந்தது.