இரைச்சல் என்று கழிக்கப்பட்ட ஏரிகள்

சென்னையிலிருந்து தெற்கே சைக்கிள் மிதிப்பவர்களுக்குப் பழகிய வழிகள் இரண்டு. ஒன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம். இன்னொன்று, ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலம் கடந்து, படாளம் கூட்ரோட்டில் மேற்கே திரும்பி வேடந்தாங்கல். காலில் தெம்பு மிச்சமிருப்பவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் அடிப்பார்கள். இந்த ரைடுகளைப் பற்றி நம் தலைமுறை நிறையவே எழுதுகிறது. கட்டுரையாக, படக்குறிப்பாக, வீடியோவுக்கான பேச்சாக. இதை ஓர் எழுத்து வகையாகவே எடுத்துக்கொண்டு விமர்சிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ரைடுக் குறிப்புக்கு ஓர் இலக்கணம் உண்டு. விடியலுக்கு முன் கிளம்புவது, தூரம், சராசரி வேகம், பஞ்சர், டிபன், ஒரு சூரிய உதயம். அந்த உதயத்துக்குக் கீழே ஓர் ஏரி கிடக்கும். ஏரியின் பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, யார் வயலில் பாய்கிறது என்பது மட்டும் இருக்காது. ஏரி வரும், ஆனால் படமாக வரும். அவ்வளவுதான்.

சோம்பேறித்தனம் மட்டும் இதற்குக் காரணமில்லை, கருவியும் ஒரு காரணம். சைக்கிள் செயலிகள் ஒரு பாதையை மதிப்பிடும் முக்கிய எண்களில் ஒன்று மொத்த ஏற்றம். ஜி.பி.எஸ். தரும் உயரத்தை அப்படியே நம்ப முடியாது. அதனால் பல செயலிகள் செயற்கைக்கோள் வழி எடுத்த உயர வரைபடத்திலிருந்து அதை நிரப்புகின்றன. அந்த வரைபடத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர் அகலம். பிறகு சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை இரைச்சல் என்று கழித்துச் சமன்செய்கிறார்கள். கணக்காகப் பார்த்தால் சரியான வேலைதான். ஆனால் மூன்று, நான்கு மீட்டர் உயரமுள்ள ஏரிக்கரை அந்தக் கழித்தலில் காணாமல் போகும். திருக்கழுக்குன்றத்து மலையை வரைபடம் காட்டும், கரையைக் காட்டாது. முடிவில் இந்த நிலம் தட்டை, சுவாரசியமில்லாதது என்று ஒரு தீர்ப்பு.

உண்மையில் இந்த நிலத்தின் கதை முழுக்க அந்த மூன்று மீட்டரில்தான் இருக்கிறது. நிலம் கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. தாழ்ந்த பக்கம் வளைவாகக் கரை போட்டால் மேல்பக்கம் தண்ணீர் நிற்கும். மதகைத் திறந்தால் கீழே வயலுக்குப் பாயும். நிரம்பியது கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். கரைமேல் போகும் சாலையில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அதைவிடத் தாழ்ந்த நெல்வயல். காரில் போகிறவருக்கு அந்த மேடு தெரியவே தெரியாது, மிதிக்கிற காலுக்குத் தெரியும். இந்த நிலத்தை வாசிக்கச் சரியான வாகனத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாசித்ததை நாமே அழித்துவிடுகிறோம். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், சிக்னலைக் கழித்துவிட்டு நாய்ஸை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கொஞ்சம் வரலாறும் சேர்க்கும் ரைடுக் குறிப்புகள் உண்டு. அவற்றில் தவறாமல் வருபவர் 1790களில் இங்கே கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் ராமனும் லட்சுமணனும் வில்லோடு காவல் நின்றதை அவர் பார்த்ததாக ஐதீகம், ஏரி காத்த ராமர் கோயில் அதன் சாட்சி. வேடந்தாங்கலில் பறவைகளைச் சிப்பாய்கள் சுட்டபோது, 1798-இல் ஊர்க்காரர்கள் அவரிடம் முறையிட்டு எழுத்துமூலம் பாதுகாப்பு வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. அதாவது இது விவசாயிகள் பேரம் பேசி ஜெயித்த கதை. நம் குறிப்புகளிலோ ஒரு வெள்ளைக்கார துரையின் பறவைப் பாசமாக அது சுருங்கிவிடுகிறது.

இதே செங்கல்பட்டுக்கு இன்னொரு கலெக்டர் இருந்தார், டிரெமென்ஹீர். இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலமற்ற நிலைமையைப் பற்றி 1891-இல் அவர் எழுதிய அறிக்கைதான், அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு வழிசெய்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1994-இல், இதே வட்டாரத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்கும் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். பிளேஸ் நமக்கு நினைவிருக்கிறார், டிரெமென்ஹீர் இல்லை. ஒருவரோடு அழகான கதை இருக்கிறது, இன்னொருவரோடு தீராத வழக்கு இருக்கிறது.

ஏரியைப் புகழ்ந்து எழுதுபவர்களிடமும் இதே சிக்கல். வேடந்தாங்கலிலிருந்து கொஞ்சம் மிதித்தால் உத்திரமேரூர். பத்தாம் நூற்றாண்டின் பராந்தகன் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. ஏரியைப் பார்த்துக்கொள்ளக் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழ நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். மண் வெட்டியவருக்கும், வயல்வயலாகத் தண்ணீர் பிரித்துவிட்ட நீர்க்கட்டிக்கும் அங்கே ஓலை இல்லை. ஏரியைப் பற்றி எழுதினால் பங்கைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாலியாகப் போவதற்கு இவ்வளவு படிக்கணுமா பாஸ்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போவதற்குத் தேவையில்லை, எழுதுவதற்குத் தேவை. ஏனென்றால் நம் குறிப்பின் மொழியும் மனை விற்பவரின் விளம்பர மொழியும் ஒன்றாகிவிட்டன: லேக் வியூ. பார்ப்பதற்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். கீழே வயல் வேண்டாம், மேலே வரத்துக்கால் வேண்டாம். வயல் மனையாகிவிட்டால் மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத ஏரி பிறகு குட்டைதான்.

வேடந்தாங்கலையே பாருங்கள். 1998-இல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரை சரணாலயமாக அறிவித்தார்கள். 2020-இல் அந்த எல்லையைச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஏரியைப் படமாக மட்டும் பார்த்தவருக்கு அந்த 5 கி.மீ. வீண், பறவை இருப்பது மரத்தில்தானே? ஆனால் கூடு மரத்தில் இருந்தாலும் இரை சுற்றுப்புற ஏரிகளிலும் வயல்களிலும் இருக்கிறது. படாளத்திலிருந்து கரிக்கிலி வரை மிதித்துப் போகிறவர் வழியெல்லாம் நாரையும் கொக்கும் சேற்றில் இறங்கி நிற்பதைப் பார்த்திருப்பார். அவர் அதை எழுதியிருந்தால், எல்லை ஏன் அவ்வளவு தூரம் போகிறது என்று வாசித்தவர்களுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

வேகத்தையும் தூரத்தையும் எழுதுங்கள், அதிலும் ஒரு சந்தோஷம் உண்டு. கூடவே ஏரியின் பெயர், அது நிரம்பினால் தண்ணீர் போகிற அடுத்த ஏரியின் பெயர், கரைக்குக் கீழே இந்த வருஷம் நெல்லா மனைக்கல்லா என்பது. இந்த மூன்று வரி போதும். எந்தச் செயலியும் இதை நமக்காகப் பதிவு செய்யாது.